‘கேன்சர் அக்கா வருது, கதவைச் சாத்து!’

நன்றாக இருக்கிறவர்களைத் தேடிப் போய், ‘வாங்க, நோய் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்’ என்று கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வது என் தொழில். காஞ்சிபுரத்துப் பக்கம் பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை முகாமில் ஆறு வருஷமாகக் களப்பணியாளர். முகாம் வண்டி வருவதற்கு முன் வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்க வேண்டும். இன்ஷூரன்ஸ் பிடிக்கிறவர்களே, தண்ணீர் மிஷின் விற்கிறவர்களே, என் வலி உங்களுக்குப் புரியும். நான் தெருவில் நுழைந்தால் முதலில் ‘கேன்சர் அக்கா வருது’ என்று ஒரு குரல் கேட்கும், அடுத்துத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும்.

வழி விடுங்கள்

பிள்ளையார்பாளையத்தில் என் முதல் முகாம். பெண்கள் தறியில் உட்காருவதற்கு முன்பே பிடித்துவிடலாம் என்று காலை ஆறரைக்கே வண்டியைக் கொண்டுபோனேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

தெரு முனையில் வண்டி நின்றுவிட்டது. தறியில் ஏற்றப்போகும் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கும் பாவாக இழுத்துக் கட்டி, ஒரு குடும்பமே இரண்டு பக்கமும் நின்று இழை சரிபார்த்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை என்பது அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், எனக்குத் தெரியவில்லை. கெத்தாக இறங்கி, “உடம்பு விஷயம், அஞ்சு நிமிஷம் சுருட்டிக்குங்க” என்றேன். பாவின் கோடியில் நின்ற அம்மா நூலிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: “சுருட்டிக்கிறேன்மா. எத்தினி இழை அறுவுதோ, அத்தினிக்கும் நீயே உக்காந்து முடிச்சு போட்டுட்டு அப்பறமா டெஸ்ட் எடு.”

பத்து மணி முதல் ஒரு மணி வரை

அந்த அனுபவத்தில் புத்தி வந்து, அதன் பிறகு முகாம்களையெல்லாம் பத்து மணிக்கே வைத்தேன். இந்த வருஷம் முசரவாக்கத்திலும் அப்படியே. வண்டி நின்றது மெயின் ரோட்டில். காலனி அங்கிருந்து உள்ளே ரொம்ப தூரம். நல்ல கூட்டம் வந்தது. பாதிப் பேர் போன வருஷமும் பரிசோதித்துக்கொண்ட ரோட்டோர வீட்டுக்காரர்கள். நானோ ஏதோ ஊரையே காப்பாற்றிவிட்டதுபோல மேலதிகாரிக்குப் போன் போட்டேன்.

காலனியிலிருந்து ஒருவர்கூட வரவில்லையே என்று சாயங்காலம் விசாரிக்கப் போனேன். கம்பெனி வேனிலிருந்து இறங்கினாள் ஸ்டெல்லா. செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை, நாற்பதை நெருங்குகிற வயது. நோட்டீஸைக் கையில் வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னாள்: “பத்து மணிக்கு எங்க தெருவுல பூட்டுதான்கா இருக்கும். அதுக்கா டெஸ்ட் எடுக்கப் போறீங்க?”

உயிர் முக்கியமில்லையா?

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிகிற நேரத்துக்குக் காலனிக்குள்ளேயே முகாம் போட்டோம். முதல் ஆளாக வந்தவள் ஸ்டெல்லா. நர்ஸ் அவளுடைய இடது மார்பில் ஒரு கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். சீட்டுக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று நான் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், ஸ்கேன் எடுக்கவே இல்லை. எனக்கு வந்ததே கோபம்! நேராக வீட்டுக்குப் போய், “உயிர் முக்கியமில்லையா உனக்கு?” என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. “மூணு வாட்டி போனேன்கா. மொத நாளு டாக்டரம்மா லீவு. ரெண்டாவது நாளு மிஷின் ரிப்பேரு. மூணாவது நாளு பஸ் மாறிப் போறதுக்குள்ள டோக்கன் முடிஞ்சிடுச்சி. இன்னொரு நாள் லீவு கேட்டா வேலைய வுட்டு நின்னுக்கோன்றாங்க. முக்கியம் இல்லன்னா மூணு வாட்டி போவேனா?”

ஏழு நிமிஷம்

வெட்கமாக இருந்தது. நானே கம்பெனி சூப்பர்வைசரிடம் பேசி, மறுநாள் காலை அவளைக் கூட்டிக்கொண்டு போய் டோக்கன் வரிசையில் நின்றேன். ஸ்கேன், ஊசிப் பரிசோதனை இரண்டும் முடிந்தன. சில நாளில் முடிவு வந்தது, கட்டி புற்றுநோய்தான். ஆனால் சின்னது, எடுத்துவிடலாம் என்றார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிக்கு இட்லி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கட்டு மாற்ற வந்த நர்ஸ் என்னைப் பார்த்து, “நீங்க இந்த டெஸ்ட் எடுத்துப் பாத்துக்கிட்டீங்களாக்கா?” என்று கேட்டார். நேரமே கிடைக்கவில்லை என்று இழுத்தேன். வீடு எங்கே என்றார். இந்த ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெரு, நடந்தால் ஏழு நிமிஷம் என்று சொல்லிவிட்டு இட்லிப் பொட்டலத்தை அவிழ்க்க ஆரம்பித்தேன். படுத்திருந்த ஸ்டெல்லா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். “இட்லிய வெச்சிட்டு, போயி டோக்கன் போட்டுக்கினு வாங்கக்கா. நான் எங்கியும் போயிட மாட்டேன்.”

ஆள் பிடிக்கிற வேலையில் ஆறு வருஷம் குப்பை கொட்டிய என்னைப் பிடிக்க, முசரவாக்கத்திலிருந்து ஒருத்தி பஸ் மாறி வந்து படுக்க வேண்டியிருந்தது.