அரைப்புள்ளி போட்ட அக்கா

ஒஸ்லோவில் என்னோடு ஒரே அறையில் வேலை செய்யும் பெரித் லைட் போடமாட்டாள். குளிர்காலக் காலை, வெளியிலும் கும்மிருட்டு, உள்ளேயும் கும்மிருட்டு. நடுவில் அவளுடைய கம்பியூட்டர் நொர்வேஜிய மொழியில் பொரிந்து தள்ளிக்கொண்டிருக்கும். பெரித்துக்குக் கண் தெரியாது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துக்கொண்டு எங்கள் எல்லாரையும்விட விரைவாக வேலையை முடிப்பாள். முதல் நாள், உதவி செய்கிற நினைப்பில் லைட்டைப் போட்டேன். சுவிட்ச் சத்தம் கேட்டு, "யாருக்கு?" என்றாள். எனக்குத்தான் என்று முனகிவிட்டுத் திரும்ப அணைத்தேன்.

உப்புவெளியில் இருக்கும் என் அக்காவின் பார்வையைச் சலரோகம், அதுதான் நீரிழிவு, பறித்துவிட்டது. அவள் திருகோணமலை நகரத்துக்கு பஸ் ஏறிப் போய் இதே மாதிரி மென்பொருளைப் பழகினாள். "இவ்வளவு நாளும் பக்கத்து வீட்டுச் சுபாதான் உன்ர கடிதங்களை வாசிச்சவள். இனி நானே வாசிப்பன் தம்பி" என்று போனில் சின்னப்பிள்ளை மாதிரிச் சந்தோசப்பட்டாள். உடனே கம்பியூட்டரில் நீளமாக ஒரு கடிதம் தட்டி மின்னஞ்சலில் அனுப்பினேன். இரண்டு நாளில் அழைப்பு வந்தது.

"தம்பி, செய்தியெல்லாம் வடிவா வாசிக்குது. உன்ர கடிதம் மட்டும் ஏபிசிடி மாதிரி என்னவோ சொல்லுது."

"நீங்கள் கீயைப் பிழையா அமத்துறியள் அக்கா. திரும்பப் போய்ப் படியுங்கோ."

போனாள். ஒரு வருசம், சனிக்கிழமை தவறாமல் போனாள். என் கடிதங்களைத் திரும்பவும் சுபாவே வாசித்தாள்.

போன மாதம் பெரித்திடம் பெருமையாக, அக்காவுக்கு எழுதிய ஒரு கடிதத்தைக் கொடுத்து, எங்கள் மொழியைக் கேட்டுப் பார் என்றேன். நொர்வேஜிய உச்சரிப்பில் எழுத்தெழுத்தாக ஓடவிட்டாள். "எம், எஃப், செமிகோலன், எஃப், ஹோ. இது தமிழா? உங்கள் மொழியில் செமிகோலன் நிறைய இருக்கிறதே" என்றாள். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் வாசித்தது 'அக்கா' என்ற சொல். திருகோணமலையில் கலியாணக் கார்ட் தட்டிக்கொடுத்த காலத்தில் என் விரல்களுக்குப் பழகியது பாமினி எழுத்துரு. அதில் திரையில் தெரிவது தமிழ்; உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். கண்ணுள்ள சுபாவுக்குத் தமிழ். அக்காவுக்கு ஏபிசிடி. அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பிழை என்னுடையது என்று சொன்னபோது அக்கா கோபிக்கவில்லை. பழைய கடிதங்களைத்தான் கேட்டாள். உள்ளேயும் தமிழே இருக்கிற யூனிகோட்டுக்கு மாற்றும்போது, அவள் சனிக்கிழமைகளில் படிக்கப் போன காலத்தில் நான் எழுதிய ஒரு வரி கண்ணில் பட்டது: "ஏலாவிட்டால் விடுங்கள் அக்கா. இதெல்லாம் படித்த ஆட்களுக்குத்தான் சரிவரும்." அழிக்கக் கை போனது. எப்படியும் சுபா வாசித்திருப்பாள், இப்போது அழித்தால் அது இன்னொரு கள்ளம் என்று விட்டுவிட்டேன்.

அக்கா என்னோடு பேசிய போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடிதங்களைக் கம்பியூட்டரில் ஓடவிட்டுக் கேட்டாள். முன்பின் தெரியாத ஓர் இந்தியப் பெண்ணின் குரலில் என் கடிதம் வந்தது. அந்த வரியும் வந்தது.

"இதைச் சுபா வாசிக்கேல்லையே தம்பி" என்றாள். "விட்டிட்டு வாசிச்சிருக்கிறாள்."

நான் வாயெடுக்க முதல் கம்பியூட்டர் அடுத்த வரிக்குப் போய்விட்டது. உப்புவெளி வீட்டில் அந்தக் குரல் நானாக நின்று கதைத்துக்கொண்டிருந்தது. ஒஸ்லோவில் நான் போனைக் காதில் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.