சங்கத்தில் சேர வந்த பெட்டிக்காரர்

1913 ஆகஸ்ட் 4: என் மனைவியின் அடக்கம். செப்டம்பர் 1: பாளையங்கோட்டை வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் நடத்திய பொதுச்சேவைச் சங்கத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அக்டோபர் 6: சவப்பெட்டி செய்யும் ஒருவர் சேர வந்தார். என் வீட்டுக்கும் பெட்டி செய்தவர் அவரே.

நெடிய மனிதர், வெளுத்த வேட்டி. எதிரே வருபவரைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்ப்பார். பார்க்கப்பட்டவர் ஓரடி விலகி நிற்பார்.

சேர வருபவர் தம் தொழிலால் ஊருக்கு விளையும் நன்மையை எழுந்து சொல்ல வேண்டும் என்பது சங்க விதி.

"போன மாசம் எனக்கு வேலை ரொம்பக் கொறவு. ஊருக்கு அது நல்லதுதானே" என்றார்.

"உம்ம பக்கத்துல நான் உக்காந்தா நோயாளி என்கிட்ட வருவானா வே?" என்றார் சங்க உறுப்பினரான டாக்டர். "எதுக்குச் சேரணும்ங்கீரு?"

"நல்ல நாள்ல என்கிட்ட ஒருத்தரும் பேச வாறதில்ல ஐயா. மாசம் ஒருநா சும்மா பேசிக்கிட்டு இருக்கலாம்னுதான்."

நான் சேர்ந்ததும் அதற்காகவே. ஆகவே அவரைச் சேர்க்கச் சம்மதித்துக் கை தூக்கினேன். மற்றவர்கள் என் துக்கத்தை மதித்துத் தூக்கினார்கள்.

வெளியே வரும்போது, என் மனைவிக்கு அவர் செய்த பெட்டியைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"அது வேலை ஐயா. இங்கன வேற பேசுவோம்" என்று ஆற்றில் வரும் புதுவெள்ளத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அந்தப் பேச்சு அவருக்குத் தேவைப்பட்டதா, எனக்கா என்பது இன்றளவும் விளங்கவில்லை.

இன்னும் செய்யாமல் நிற்பவை, சங்கத்துடையதும் என்னுடையதும்:
ஆற்றுத்துறைக்கு விளக்கு.
ஆஸ்பத்திரி வாசலில் பெஞ்சு.
அவள் பெயர் பொறித்த கல்.
பெட்டி நன்றாக அமைந்திருந்தது என்று அவரிடம் ஒரு வார்த்தை.