மத்தியானமானால் மெதுவாகும் பைப்

தொண்ணூறுகளின் நடுவில், அருப்புக்கோட்டைக்கு வெளியே திருச்சுழி ரோட்டில் இருந்த ஒரு நூல் மில்லில் எனக்கு வேலை. கம்ப்யூட்டர் செக்ஷன் என்று பேர். ஒரு ஏசி ரூம், அதில் ஒரே ஒரு யூனிக்ஸ் மிஷின். அதிலிருந்து வயர் இழுத்து ஆபீஸ், குடோன், எடை ரூம் எல்லாவற்றுக்கும் டெர்மினல், அதாவது ஒரு திரையும் கீபோர்டும், கொடுத்திருந்தார்கள். ஆட்கள் இரண்டு பேர்தான். நான் ஒருத்தி. இன்னொருவர் எனக்கு முன்பே சேர்ந்தவர், மல்லாங்கிணற்றிலிருந்து பஸ்ஸில் வருவார். அவரை அண்ணே என்பேன், என்னைத் தங்கச்சி என்பார். அந்த முறை எவ்வளவு தூரம் தாங்கும் என்பது அந்தக் கோடையில் தெரிந்தது.

எடை ரூமில் நூல் மூட்டையை நிறுத்து, எடையை டெர்மினலில் அடிப்பார்கள். அதை வாங்குவது ஒரு புரோகிராம். இருப்பில் கழிப்பது இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குத்தான் ப்ராசஸ் என்று பேர். இந்த இரண்டு ப்ராசஸும் பைப் வழியாகப் பேசிக்கொள்ளும்: இந்த முனையில் இது போட்டதை அந்த முனையில் அது எடுத்துக்கொள்ளும். அந்தக் கோடையில் மத்தியானமானால் எடையை அடித்ததும் திரை ஊமையாகிவிடும். வெளியே லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

மிஷினையும் புரோகிராமையும் கொடுத்த கம்பெனியின் ஆள் மதுரையிலிருந்து வந்து பார்த்தார். உட்காருவதற்கு முன்பே முடிவு சொல்லிவிட்டார்.

"பைப்பு ஸ்லோ மேடம். ஷேர்டு மெமரிக்கு மாத்தி எழுதணும். அதுக்கு இந்த மிஷின் பத்தாது. புதுசு போட்டுருங்க."

விற்கிறவனே வைத்தியமும் சொன்னால் எனக்குக் காது அரிக்கும். கடைக்கார வீட்டுப் பிறப்பு அப்படி. மேனேஜரிடம் போய், "அளந்து பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அளந்து பாரும்மா" என்றார்.

சி மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். ஓடத் தொடங்கியதும் அது தன்னைப்போல இன்னொரு ப்ராசஸைப் பிறப்பிக்கும். நடுவில் போக ஒரு பைப், வர ஒரு பைப். இது ஒரு செய்தியை அனுப்பும், அது வாங்கித் திருப்பி அனுப்பும். பந்து எறிந்து பிடிக்கிற மாதிரி ஆயிரக்கணக்கான தடவை. கடைசியில் ஆன நேரத்தைச் சொல்லும். அதே ஆட்டத்தை, செய்திகளை வரிசையில் நிறுத்திக் கொடுக்கும் மெசேஜ் கியூவிலும், இரண்டு ப்ராசஸும் ஒரே நினைவிடத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு மெமரியிலும் ஆட வைத்தேன். சரக்கு வைக்கிறதுக்கு முன்னால் வெறும் தராசுத் தட்டு நேராக நிற்கிறதா என்று பார்ப்பது எங்கள் கடை வழக்கம். அதனால் எதையும் அனுப்பாமல் சும்மா சுற்றிவர ஆகும் நேரத்தை முதலில் அளந்து, அதைக் கழித்துக்கொண்டேன்.

காலையில் ஓட்டியபோது ஷேர்டு மெமரிதான் முந்தியது. அதில் சந்தேகமில்லை. ஆனால் பைப்பும் சோடை போகவில்லை. மனுஷன் விரல் கீபோர்டில் ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் பைப்பில் எத்தனையோ மூட்டை போய்வந்துவிடும். இதையா ஸ்லோ என்றார்?

மத்தியானச் சாப்பாடு முடிந்து அதையே திரும்ப ஓட்டினேன். பைப் நொண்டியது. மெசேஜ் கியூவும் நொண்டியது. மதுரைக்காரர் சொன்ன ஷேர்டு மெமரியும் தப்பவில்லை. புரோகிராமில் ஒரு எழுத்துகூட நான் மாற்றவில்லை.

இரண்டு நேரங்களை அச்சடிக்கும்படி எழுதியிருந்தேன். ஒன்று, கடிகாரம் ஓடிய நேரம். மற்றது, மிஷின் என் புரோகிராமுக்காக உழைத்த நேரம். உழைத்த நேரம் காலையில் இருந்ததேதான். கடிகார நேரம் மட்டும் பல மடங்கு ஏறியிருந்தது. அதற்கு ஒரே அர்த்தம்தான். என் முறை வரும்போது வேறு யாரோ மிஷினைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வேறு யார்? சி எழுதத் தெரிந்தவர்கள் அந்த மில்லில் இரண்டே பேர்.

அதற்குப் பிறகு அண்ணன் செய்வதெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. நான் ரூமுக்குள் நுழைந்தால் அவர் திரையில் இருப்பதை அழித்துவிடுவார். மதுரைக்காரர் வந்தால் இருவரும் கேட்டுக்கு வெளியே போய் டீ குடிப்பார்கள். ஒருநாள் அவராகவே, "புது மிஷின் வந்தா நமக்கும் நல்லதுதான தங்கச்சி?" என்றார். மிஷினில் ஓடும் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் கட்டளை ஒன்று உண்டு. அதைப் போட்டு, அவர் பேரில் என்ன ஓடுகிறது என்று மட்டும் தேடுவேன். ஒன்றும் அகப்படாது. அகப்படாதது என் சந்தேகத்தைக் குறைக்கவில்லை. கெட்டிக்காரர், மறைத்து ஓட்டுகிறார் என்றுதான் தோன்றியது.

என் பாஸ்வேர்டை மாற்றினேன். மறுநாளே கேட்டார்.

"பாஸ்வேர்ட மாத்திட்டீகளா?"

"ஆமாண்ணே. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு குறைந்தது.

நான் அளந்த கணக்கைக் கொண்டுபோய் மேனேஜர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"நீயே எழுதி, நீயே ஓட்டி, நீயே அளந்தா நான் எப்படிம்மா நம்புறது? அந்தப் பையனும் நேத்து வந்தான். தங்கச்சி ஏதோ டெஸ்டு ஓட்டுது, அதாலதான் மத்தியானம் மிஷின் திணறுதுங்கிறான்."

என்னையா?

"ரெண்டு பேரும் சேந்து உக்காந்து ஓட்டுங்க. நானும் வாரேன்" என்றார்.

சாப்பாடு முடிந்ததும் மூன்று பேரும் ஏசி ரூமில் உட்கார்ந்தோம். நான் ஓட்டினேன், நொண்டியது. அண்ணன் என்னை நகரச் சொல்லிவிட்டு என் புரோகிராமை வரிவரியாகப் படித்தார். ஏதாவது ஒளித்து வைத்திருப்பேன் என்று தேடுகிறார் என்று தெரிந்தது. அவரே கம்பைல் செய்து ஓட்டினார். அதுவும் நொண்டியது. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீயும் இங்க இருக்க, அவனும் இங்க இருக்கான். அப்ப மிஷினைப் பிடிச்சு வச்சிருக்கறது யாரு?"

அண்ணன் ப்ராசஸ் பட்டியலைப் போட்டார். இந்தத் தடவை யார் பேரையும் தேடாமல், மேலிருந்து கீழ்வரை படித்தோம். எடை ரூம் புரோகிராம் ஒன்றுக்குப் பல தடவை வந்திருந்தது. எடை ரூமில் இருப்பதோ ஒரே டெர்மினல். மற்றவற்றுக்கு நேராக, டெர்மினல் பேர் இருக்கவேண்டிய இடத்தில் கேள்விக்குறி. ஒவ்வொன்றும் மிஷினின் நேரத்தை வாரி வாரித் தின்றிருந்தது.

"இதப் பாக்கவே இல்லயே" என்றார் அண்ணன்.

"நானும் பாக்கல" என்றேன்.

டெர்மினல் இல்லாத அந்த அனாதைகளில் ஒன்றை அவர் 'கில்' கட்டளை போட்டுக் கொன்றார். என் புரோகிராமை ஓட்டினேன், வேகம் கொஞ்சம் கூடியது. எல்லாவற்றையும் கொன்றபின் காலை வேகம் வந்துவிட்டது. மேனேஜர் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை.

எடை ரூமுக்குப் போய் விசாரித்தோம். இந்தக் கோடையில் வோல்டேஜ் ஏறி இறங்குகிறது, பெட்டி புகைந்துவிடும் என்ற பயத்தில், டீக்குப் போனாலும் சாப்பிடப் போனாலும் எடை போடுகிறவர் டெர்மினலை அணைத்துவிட்டுத்தான் போவாராம். யாரும் அவரிடம் அணைக்காதே என்று சொன்னதில்லை. டெர்மினல் அணைந்தால் அதிலிருந்த புரோகிராமும் சாகவேண்டும். ஆனால் யாரும் பாதியில் நிறுத்திவிடக்கூடாது என்று, சாகச் சொல்லும் சிக்னலையே காதில் வாங்காதபடி அதைக் கம்பெனிக்காரர்கள் எழுதியிருந்தார்கள். அவர் திரும்பி வந்து டெர்மினலைப் போட்டால் புதிதாக ஒன்று தொடங்கும். பழையதோ ஆள் இல்லாத டெர்மினலிடம் "எடை என்ன, எடை என்ன" என்று மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டே சுற்றியிருக்கிறது. சாயங்காலம் மிஷினை நிறுத்தும்போது எல்லாம் சேர்ந்து அழிந்துவிடும். அதனால்தான் காலையில் சுத்தமாக இருந்தது.

மதுரைக்காரர் அடுத்த வாரம் வந்தார். புரோகிராமில் நாங்கள் கை வைத்துவிட்டோம் என்று முதலில் சாதித்தார். அண்ணன் அவர் கண் முன்னாலேயே டெர்மினலை அணைத்து, பட்டியலில் புது அனாதை ஒன்று முளைப்பதைக் காட்டினார். மதுரைக்காரர் உட்கார்ந்து புரோகிராமில் நாலைந்து வரி திருத்திக் கொடுத்தார். புது மிஷின் பேச்சு அத்தோடு நின்றது.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அண்ணனும் நானும் நின்றோம். வெயில் இறங்கியும் தார் ரோடு அனல் அடித்தது.

"என்னையத்தான நெனச்சீக?" என்றார்.

"ஆமா. நீங்க?"

"நான் ஒங்க பேரப் போட்டுத்தான் தெனமும் தேடுனேன். நீங்க உள்ள வந்ததும் அதத்தான் அழிச்சேன்."

"பாஸ்வேர்டு?"

"ஒங்க கணக்குல போய்ப் பாக்கலாம்னு பழைய பாஸ்வேர்ட அடிச்சுப் பாத்தேன். எடுக்கல."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. எனக்கும் வரவில்லை. அவர் பஸ் வந்தது. "வாரேன் தங்கச்சி" என்று ஏறிக்கொண்டார்.

அடுத்த ஒரு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் வேலை பார்த்தோம். நல்லபடியாகவே பார்த்தோம். புதிதாக எது எழுதினாலும் அவரைக் கூப்பிட்டு, அவர் முன்னால் ஓட்டுவேன். அவரும் என்னைக் கூப்பிடுவார். மில்லில் எல்லாரும் அதை ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டார்கள்.