முந்தானைச் சேறு

மங்கிப்போன கார் முன்விளக்கில் பற்பசையைத் தடவித் தேய்த்தேன். துடைக்கத் துணி கிடைக்காமல் துப்பட்டா நுனியை எடுத்ததும் அம்மா நினைவுக்கு வந்தார்.

ஏலக்காய்த் தோட்ட வேலைக்குக் கம்பத்திலிருந்து விடியலில் ஜீப்பில் போவார். மலைப்பாதை மூடுபனியில் ஒரு ஜீப் கவிழ்ந்து பக்கத்து வீட்டு அக்கா இறந்தபின், தினமும் முன்விளக்கை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் ஏறுவார்.

“யக்கா, நேரமாச்சு” என்பார் டிரைவர்.

“இருப்பா, பாதை தெரியட்டும். வீட்டுல புள்ள இருக்கு.”

ஒருநாள் தோட்டத்திலிருந்து நேரே என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். முந்தானையெல்லாம் சேறு. யாரென்று தோழி கேட்டாள்.

“பக்கத்து வீட்டுக்காரக” என்றேன்.

அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. கறை தெரியாதபடி முந்தானையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

விளக்கு தெளிந்துவிட்டது. அழுக்குத் துப்பட்டாவை மாற்றாமலே மகளைக் கூட்டிவரப் பள்ளிக்குக் கிளம்பினேன்.