நேசன் பாஸ்டரை நோயாளியாக இருக்க விட்டோமா?

செவ்வாய்க்கிழமை காலை, கடைக்கு வந்த கத்தரிக்காய்ப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது பாஸ்டரின் மனைவி றஞ்சி அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அவர் போயிட்டார்" என்றார். நான் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் செய்திகள் குவியத் தொடங்கிவிட்டன. பாஸ்டர் மரிக்கவில்லை, நித்திரைதான், எல்லோரும் உபவாசமிருந்து ஜெபியுங்கள், கர்த்தர் எழுப்புவார் என்று. மத்தியானம் அக்கா மறுபடியும் எடுத்தார். இந்த முறை குரலில் அழுகையைவிடக் கோபம்தான் கூட. "அவரை வருத்தக்காரனாய் இருக்க விடேல்லை. செத்தவராய் இருக்கவாவது விடச் சொல்லுங்கோ."

நேசன் பாஸ்டரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நானும் உங்களில் ஒருவன், சபையின் மூப்பன். எனக்கு உங்கள்மேல் கோபம் இருக்கிறது, மறைக்கப்போவதில்லை.

வாரநாட்களில் உணவகச் சமையலறை, ஞாயிறு பின்னேரம் நம் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு வாடகை மண்டபத்தில் பிரசங்கம். அதுதான் அவர் வாழ்க்கை. அப்படி ஒரு ஞாயிறன்று, படியில் விழுந்து கால் ஏலாமல் போன செல்வியை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பாஸ்டர் நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்தார். செல்வி எழும்பினாள். கதவுவரை தனியாக நடந்து திரும்பி வந்தாள். மண்டபமே அதிர்ந்தது. அன்றைக்கு எல்லோரையும்விட அதிகம் திகைத்தவர் பாஸ்டர்தான். கதிரைகளை அடுக்கும்போது என்னிடம் கேட்டார்: "ஐசே, என்ரை கை நடுங்கினதை ஆரும் கண்டவையோ?"

அதற்குப் பிறகு பக்கத்து ஸ்டாலின்கிராட் மெற்றோப் பகுதியிலிருந்தும் நகருக்கு வெளியே லெ பிளாங்-மெனிலிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கூடவே ஒரு வழக்கமும் வந்தது. ஜெபம் முடிந்ததும் சுகமானதற்குச் சாட்சியாக மாத்திரைகளை மேடையில் வைத்துவிட்டுப் போவது. பிரஷர் மாத்திரை, நெஞ்சு மாத்திரை, எல்லாம். பாஸ்டர் அவற்றைப் பையில் போட்டு, பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்து, திங்கட்கிழமை வேலை முடிய மெற்றோவில் வீடு வீடாகத் திருப்பிக் கொடுப்பார். "போதகர் எண்டு வந்து தபால்காரன் ஆனன்" என்று சிரிப்பார். மேடையிலும் தெளிவாகவே சொன்னார்: "ஜெபிக்கிறது என்ரை வேலை. மருந்தை நிப்பாட்டுறது டொக்டரின்ரை வேலை." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். வெளியே வந்து, பாஸ்டர் எங்கள் விசுவாசத்தைச் சோதிக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு மேடையில் மாத்திரைகள் இன்னும் கூடின. அவரால் வேறு என்னதான் செய்ய முடியும், சொல்லுங்கள்.

அதிகாரம் பற்றி அவர் அடிக்கடி பேசுவார். ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி ஒருவன் தன் வேலைக்காரனைச் சுகமாக்கும்படி இயேசுவிடம் கேட்டு வந்தானே, அந்தக் கதையில் அவருக்கு ஒரு பிடிப்பு. "அவன் சொன்னதைக் கவனியுங்கோ. தனக்கு மேலை ஒருத்தர் இருக்கிறார் எண்டுதான் முதல் சொன்னவன். அதிகாரம் எண்டால் அவ்வளவுதான். என்ரை கையிலை ஒண்டுமில்லை." இதற்கும் கை தட்டினோம்.

பிறகு அவருக்கே சீனி வருத்தம், அதாவது நீரிழிவு நோய், வந்தது. இன்சுலின் ஊசி, காலில் ஆறாத புண். சபையில் எனக்கு மட்டும்தான் தெரியும், எனக்குப் பிரெஞ்சு கொஞ்சம் ஓடும் என்பதால். நம் ஆட்கள் கண்ணில் படக்கூடாதென்று நகரத்தின் மறுமுனையில் ஓர் ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்க்க ரொந்தேவு எடுத்தோம். அங்கே போனால், காத்திருக்கும் இடத்தில் செல்வி. முகமெல்லாம் மலர எழுந்து வந்தாள். "பாஸ்டர், ஆருக்கு ஜெபிக்க வந்தனீங்கள்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு நடைவழியில் படுக்கையில் கிடந்த ஒரு கிழவரிடம் போனார். முன்பின் தெரியாத வெள்ளைக்காரர். கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். செல்வி பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளேயிருந்து பாஸ்டரின் முழுப் பெயரைப் பிரெஞ்சு உச்சரிப்பில் சிதைத்துக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டுவிட்டு அடுத்தவரை அழைத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், செல்வி அங்கே நிற்காவிட்டால் அவரை இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

திரும்பி வரும்போது, ரயில் கார் து நோர் நிலையத்துக்கு வந்ததும் அவர் எழுந்தார். இறங்குமுன் சொன்னார்: "பைபிளிலை பவுல் எத்தினையோ பேரைச் சுகமாக்கினவர். தன்ரை கூட்டாளி துரோப்பீமுவை மட்டும் மிலேத்து எண்ட ஊரிலை வருத்தத்தோடை விட்டிட்டுப் போனவர். ஏன் சுகமாக்கேல்லை எண்டு அந்தக் காலத்துச் சபை கேட்டதாய்த் தெரியேல்லை. குடுத்து வைச்சவன் துரோப்பீமு."

ஒரு ஞாயிறு துணிந்து சொல்லியே விட்டார். பிரசங்கத்தை நிறுத்தி, "எனக்கு வருத்தம். ஊசி போடுறன். எனக்காக ஜெபியுங்கோ" என்றார். முன்வரிசையில் யாரோ, "பாஸ்டர் சோதிக்கிறார்" என்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். "உண்மையைத்தான் சொல்லுறார்" என்று நான் எழுந்து கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. பாஸ்டர் பிரசங்கத்தைத் தொடர்ந்தார். புண் காலுக்குள் பரவி, அவர் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தபோது காலம் கடந்துவிட்டது.

அடக்கத்துக்குச் செல்வி வந்தாள். ஊன்றுகோலோடு வந்தாள். எல்லோரும் போனபின் என்னருகே உட்கார்ந்து அழுதாள். "அண்ணை, என்ரை கால் ஒரு மாதத்திலை திரும்பவும் பழையபடி. சொன்னால் பாஸ்டருக்கு அவமானமாய்ப் போயிடுமெண்டு நோவோடையே நிமிர்ந்து நடந்தனான். அண்டைக்கு ஆஸ்பத்திரிக்கும் காலைக் காட்டத்தான் வந்தனான்."

"அவரும் தன்ரை காலைக் காட்டத்தான் வந்தவர்" என்றேன்.

அவள் எழப் பார்த்தாள். ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்து வாசல்வரை கூட்டிப்போனேன்.

எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, அவர் சொல்லியும் நாம் கேட்காத அந்த இரண்டு சொற்களைத்தான். போன ஞாயிறு நீங்கள் என்னை மேடையில் ஏற்றினீர்கள். ஒரு தாய் பிள்ளையைக் கொண்டுவந்து, "இனி நீங்கள்தானே, கை வையுங்கோ" என்றார். வைத்தேன், ஜெபித்தேன். பிறகு சபையைப் பார்த்துச் சொன்னேன்: "எனக்கு வருத்தம். பிரஷர். காலமை மாத்திரை போட்டிட்டுத்தான் வந்தனான். நான் ஒருத்தரையும் சோதிக்கேல்லை. வேறை ஆருக்கு வருத்தம்?"

நீங்கள் நிலத்தைப் பார்த்தீர்கள். நான் காத்திருந்தேன். செல்வி கையைத் தூக்கினாள்.