பேசிக்கொண்டே நடக்க வேண்டிய காடு

எட்டு வயது முடிகிறவரை எனக்கு மூளிக் காது. மைசூரில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளில் என் வயதுப் பெண்கள் எல்லாருக்கும் காதில் ஒரு பொட்டாவது மின்னும். எனக்கு இரண்டு பக்கமும் வெறும் சதை. வாடகைக்கு வந்த புதுக் குடும்பம் ஒன்று என்னைப் பையன் என்றே நினைத்து ஒரு வாரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டு வழக்கத்தில் காது குத்துவது ஒற்றைப்படை வயதில், தாய்மாமன் மடியில் வைத்து. மூன்று வயதில் ஏதோ தீட்டு குறுக்கே வந்துவிட்டது. ஐந்தில் தாத்தா போய்விட்டார். ஏழு வருவதற்குள் மடியே இல்லாமல் போய்விட்டது. மாமா இருந்தார், கல்லுக்குண்டாட்டம் இருந்தார். ஆனால் அம்மாவும் அவரும் பேசுவதில்லை.

தாத்தா போன அன்று அப்படி ஒரு மழை. மைசூரிலிருந்து கிளம்பிய எங்கள் பஸ், கொள்ளேகால் தாண்டி ஒரு மரம் விழுந்து, மணிக்கணக்கில் நின்றுவிட்டது. ஹனூருக்கு அப்பால் மாமாவின் தோட்டத்து வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்து வாசல் கழுவிவிட்டிருந்தார்கள். பொழுது இறங்குவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று ஊரில் அவசரப்படுத்தினார்களாம். அம்மா ஈரச் சேலையோடு மாமாவின் எதிரில் நின்று, "ஒரு மணி நேரம் பொறுக்க முடியலையா?" என்று கேட்டார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது. அதுவும் ஒருத்தர்தான் பேசினார்.

பேச்சு இல்லையே ஒழிய போக்குவரத்து இருந்தது. லீவு விட்டால் அங்கேதான் போவோம். நடுவில் நான் இருந்தேன். "உங்க மாமனைச் சாப்பிடச் சொல்லு" என்பார் அம்மா. மாமா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். நான் கழுத்தைத் திருப்பி, "மாமா, நீங்க சாப்பிடணுமாம்" என்பேன். "பசியில்லீன்னு சொல்லு அம்மிணி" என்பார். அதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். வீட்டில் எனக்கு இருந்த ஒரே உத்தியோகம் அது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எனக்கு எட்டு வயது நடந்த அந்த வருடம் தசரா லீவில் அப்பா திடீரென்று, "காட்டுக்குள்ள தண்ணி விழுற இடம் ஒண்ணு இருக்குன்னு சொல்லுவீங்களே மச்சான், பாத்துட்டு வரலாமா?" என்று கேட்டார். அம்மாவே நிமிர்ந்து பார்த்தார். ஏனென்றால் அப்பா சித்திரை வெயிலிலும் ஆவி பறக்கும் வெந்நீரில் குளிக்கிறவர். நஞ்சன்கூட்டில் ஃபேக்டரி ஷிப்டு முடிந்து வரும்போது நாலு தூறல் தலையில் விழுந்தால்கூட மறுநாள் தும்மிக்கொண்டிருப்பார். "எனக்கும் பச்சத் தண்ணிக்கும் ஆகாது" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு.

அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது. ஊர்க்காரர்கள் 'தண்ணி உழுகற எடம்' என்பார்கள், அவ்வளவுதான். அம்மாவும் மாமாவும் சின்ன வயதில் மாடு தேடிப் போகிற சாக்கில் அங்கே போய்க் குளித்துவிட்டு வந்து அடி வாங்கியிருக்கிறார்கள். மாமாவின் சோளக்காடு முடிகிற இடத்தில் காடு ஆரம்பம். அப்போதெல்லாம் வனக்காவலர் தெரிந்தவராக இருந்தால் ஒரு தலையாட்டலில் உள்ளே விட்டுவிடுவார். இப்போது விடுவதில்லை.

வெயில் ஏறின பிறகு, எலுமிச்சை சாதத்தைத் தூக்கு டப்பாவில் போட்டுக்கொண்டு நாலு பேரும் கிளம்பினோம். காட்டு ஓரத்தில் மாமா நின்று ஒரு சட்டம் போட்டார்.

"பேசிட்டே வரோணும். பேச்சுச் சத்தங் கேட்டா யானை அதுபாட்டுக்கு ஒதுங்கிக்கும். நாம கம்முனு போயி திடுக்குனு முன்னால நின்னாத்தான் அதுக்குக் கோவம் வரும்."

பேசாத இரண்டு பேரை அழைத்துக்கொண்டு பேச வேண்டிய காட்டுக்குள் போனோம். முதலில் அப்பாதான் அந்தப் பாரத்தைச் சுமந்தார். ஃபேக்டரி கேன்டீன் சாம்பாரைப் பற்றிச் சொன்னார். சாயங்கால ரயிலில் சீட்டு ஆடுகிறவர்களைப் பற்றிச் சொன்னார். சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டினார். அரை மணி நேரத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. பிறகு சருகுச் சத்தம் மட்டும் கேட்டது. மாமா இரண்டு தடவை கையைத் தட்டிப் பார்த்தார்.

"அம்மிணி, உங்கம்மாவை ஏதாச்சும் பேசச் சொல்லு."

"அம்மா, நீங்க ஏதாச்சும் பேசணுமாம்."

"எனக்கென்ன பேச இருக்குன்னு கேளு."

கேட்டேன். "எதுனாலுஞ் செரி. யானை என்ன பொருளா கேக்கப் போவுது" என்றார் மாமா.

அம்மா நடையை நிறுத்தாமல், முன்னால் போகிற முதுகைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டதுக்கு வாயத் தொறக்காதவங்க, இப்ப யானைக்குப் பயந்து பேசச் சொல்றாங்களான்னு கேளு."

அந்தச் செய்தியை வாங்கிக்கொண்டு மாமாவிடம் ஓடினேன். ஓடுகிற பத்தடிக்குள் என் காது ஞாபகம் வந்தது. இதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால் கிழவியாகிறவரை மூளிதான் என்று பட்டது.

"மாமா, அம்மாவுக்குக் கால் வலிக்குதாம்."

மாமா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். அம்மா பேசினது காடு முழுக்கக் கேட்டிருக்கும். அவருக்கு மட்டும் கேட்காமல் இருந்திருக்காது. ஒரு காய்ந்த கிளையை முறித்து, இலையை உருவி, கணுவைத் தேய்த்து என்னிடம் நீட்டினார். "ஊனிட்டு வரச் சொல்லு."

கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வலியும் இல்லாத அம்மா, குச்சியைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஊன்றிக்கொண்டு நடந்தார். என் பொய் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தடம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் மாமா வலது பக்கம் திரும்பினார். அம்மா நின்றுவிட்டார்.

"வழி அது இல்லைன்னு சொல்லு. இடது பக்கம்."

"அந்தத் தடத்துல மரம் உழுந்து அடைச்சுப் போச்சுன்னு சொல்லு."

"எப்ப?" என்று அம்மாவுக்கு வாய் தவறி நேராகவே வந்துவிட்டது. உடனே என் பக்கம் திரும்பி, "எப்பன்னு கேளு" என்றார்.

மாமா குனிந்து ஒரு முள்ளை ஒதுக்கிவிட்டுச் சொன்னார். "அப்பா போன அன்னிக்கு மழையில."

இதை நான் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகு குச்சி ஊன்றுகிற சத்தம்தான் எங்களுக்குக் காவல். யானை எதுவும் வரவில்லை.

தண்ணி உழுகற எடம் இரண்டு ஆள் உயரம்தான் இருக்கும். மேலே ஒரே வீச்சாக வந்து, நடுவில் ஒரு பாறை மூக்கில் பட்டு, இரண்டு சடையாகப் பிரிந்து இடுப்பளவு குட்டையில் விழுந்தது. உருவத்துக்குச் சம்பந்தமில்லாத சத்தம். தண்ணீருக்கடியில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் ஏறாது. கொஞ்சம் தள்ளி அம்மா ஒரு பாறையிலும் மாமா எதிர்ப் பாறையிலும் உட்கார்ந்தார்கள். நடுவில் தூக்கு டப்பா.

நான் என் வழக்கமான இடத்தில், டப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரப் போனேன். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே தண்ணீருக்கடியில் போய் நின்றார். உடம்பு ஒரு தரம் தூக்கிப் போட்டது, எனக்கில்லை, அவருக்கு.

கொஞ்ச நேரம் குதித்துக் கூத்தடித்தேன். பிறகு பார்த்தால் அம்மாவின் உதடு அசைகிறது. மாமாவிடம் சொல்லச் சொல்லி என்னிடம் ஏதோ சொல்கிறார் என்று நினைத்து, "என்னம்மா?" என்று கத்தினேன். கேட்கவில்லை. கிளம்பினேன். அப்பா மணிக்கட்டை விடவில்லை. என் காதோடு வாய் வைத்து, "இன்னும் ஒரு நூறு எண்ணு" என்றார்.

பள்ளிக்கூடத்தில் படித்த கன்னடத்திலேயே நூறு எண்ணினேன். "ஸாக்குப்பா" என்றேன். போதும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கன்னடத்தில்தான் முதலில் வரும்.

"இன்னொரு நூறு."

இரண்டு சடைகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டே எண்ணினேன். அம்மா குச்சியால் தரையைத் தட்டித் தட்டி ஏதோ கேட்கிறார். மாமா குனிந்த தலையோடு, கையைக் கையைக் காட்டி நீளமாக எதையோ சொல்கிறார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் பார்த்ததே இல்லை. அப்புறம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாரல் அவ்வளவு தூரம் போகாது. அம்மா முழுசாகத் திட்டுகிறார். நான் பக்கத்தில் இருந்திருந்தால் பாதியைக் குறைத்துச் சொல்லியிருப்பேன். காதும் போச்சு, கம்மலும் போச்சு என்று தண்ணீருக்குள்ளேயே அழுதேன். அப்பாவுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவர் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகியிருந்தது. பல் அடித்துக்கொள்கிற சத்தத்துக்கு நடுவே இன்னொரு நூறு சொன்னார். பிறகு இன்னொன்று.

கடைசியில் அம்மா கையை ஆட்டிக் கூப்பிட்டார். போனதும் என் தலையைத் துவட்டிக்கொண்டே, என் உச்சிக்கு மேலாக, சத்தத்தை மீறுகிற குரலில் சொன்னார். "அண்ணா, அந்த டப்பாவை இப்படித் தள்ளு."

பழக்க தோஷம், நான் திரும்பி, "மாமா, டப்பாவைத் தள்ளணுமாம்" என்று கத்தினேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மாமாவின் கண் சிவந்திருந்தது, வாய் சிரித்தது. "கேட்டுச்சு அம்மிணி" என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவர்கள்தான் பேசினார்கள். எந்த மாடு எந்த வருடம் தொலைந்தது, யார் வீட்டுக் கிணற்றில் யார் விழுந்தது என்று மூன்று வருடத்துப் பேச்சு. அந்தச் சத்தத்துக்கு யானைகள் காட்டுக்கு அந்தப் பக்கம் ஓடுகிற பாலாறு தாண்டியே போயிருக்கும். என்னிடம் யாரும் எதையும் கொடுத்தனுப்பவில்லை. உத்தியோகம் போனவள்போல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அம்மாவின் குச்சியை வாங்கிச் சருகைக் குத்திக்கொண்டே பின்னால் வந்தேன். எனக்கும் பின்னால் அப்பா, தும்மிக்கொண்டே.

எனக்கு ஒன்பது பிறந்ததும், தை மாதத்தில் மாமா மடியில் வைத்துக் காது குத்தினார்கள். நான் வைத்த கூச்சலில் மாமாவும் சேர்ந்து கண் கலங்கினார் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். அன்று பாறையில் என்ன பேசினார்கள் என்று கேட்டால் மட்டும், "என்னமோ பேசினோம் போ" என்பதோடு சரி.

அதற்கு முன்னால், லீவு முடிந்து மைசூருக்கு வந்ததும் அப்பா நாலு நாள் காய்ச்சலில் கிடந்தார். மிளகுக் கஷாயத்தோடு வந்த அம்மா, "இந்த உடம்பை வெச்சுக்கிட்டு அவ்வளவு நேரம் தண்ணியில நிக்கச் சொல்லி யாரு அழுதா?" என்று கேட்டார். "ஜில்லுனு நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் அப்பா, கம்பளிக்குள்ளிருந்து. நான் அதை முழுக்க நம்பினேன். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன்: எங்கப்பாவுக்கு அருவி என்றால் உயிர், நான் கெஞ்சிக் கெஞ்சிக் கூப்பிட்டும் வெளியே வரவே இல்லை.

அடுத்த லீவு வந்தபோது, திரும்ப எப்போது போகலாம் என்று கேட்டேன். அப்பா ஆவி பறக்கிற சொம்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "போலாம், போலாம்" என்றார். போகவே இல்லை. அவ்வளவு ஆசைப்பட்டு நின்ற மனுஷர், பிறகு ஒரு தடவைகூட ஏன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பது அந்த வயதில் எனக்குப் புரியவே இல்லை.