பங்குனியில் வந்து கேள்

வேலையின் பெயர் சமூகத் தொடர்பு அலுவலர். சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டுத் தென்காசியில் வீட்டோடு இருந்த எனக்கு, படிப்புக்கேற்ற வேலை கடைசியில் ஊர்ப்பக்கமே வந்துவிட்டது என்று தோன்றியது. ஐந்தருவிச் சாலையில் தங்கும் விடுதி கட்டவிருந்த ஒரு நிறுவனம் ஆள் தேடிக்கொண்டிருந்தது. அங்கே பணியிலிருந்த கல்லூரித் தோழியிடம் போனில் விசாரித்தபோதுதான் வேலை என்னவென்று விளங்கியது. நிறுவனம் வாங்கியிருந்த மனையின் ஓரமாகச் சீசன் கடைகள் வரிசையாக இருந்தன. கடைக்காரர்களிடம் பேசி, காலி செய்யச் சம்மதம் என்று கையெழுத்து வாங்க வேண்டும்.

அந்த வரிசையில் ஒரு பஜ்ஜிக் கடை என் மதினியுடையது.

அண்ணன் செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிப் போகும் வண்டியின் ஓட்டுநர். சரக்கு இருந்தால்தான் ஓட்டம். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது பெரும்பாலும் மதினியின் கடையால்தான். ஆகவே செய்தியை அவளிடம் மறைக்கவில்லை. அவள் சிரித்தாள்.

"எவனோ வந்து எந்திரிங்கன்னு சொல்லுததுக்கு நீயே வந்து சொல்லிட்டுப் போ. ஒனக்குன்னா ஒரு டீயாச்சும் குடுப்பேன்."

நான் வேறு விதமாகக் கணக்கிட்டேன். உள்ளே நான் இருந்தால் நல்ல மாற்று இடம் வாங்கித் தரலாம், அவகாசம் கேட்கலாம், வருகிறவர்கள் கடைக்காரர்களிடம் மரியாதையாகப் பேசுமாறு பார்த்துக்கொள்ளலாம். இத்தகைய வேலையை ஏற்கும் எவரும் தமக்குச் சொல்லிக்கொள்ளும் நியாயம் இதுதான் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

நேர்காணலுக்கு முந்தைய வாரம் சாரல் வலுத்தது. அருவியில் வெள்ளம் என்று காவல்துறை குளிக்கத் தடை விதித்திருந்ததால் கடையில் ஆளில்லை. மதினி அடுப்பைத் தணித்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"யாவாரமும் இல்ல. வா, நான் கேள்வி கேக்கேன். சொல்லும்மா, உங்க பலவீனம் என்ன?"

"எதையும் ரொம்ப யோசிப்பேன்."

"கொழம்புக்கு உப்புப் போட மறந்துருவேன்னு சொல்லு. அது உண்மை."

பிறகு வேடத்தை மாற்றினோம். நான் அலுவலர், அவள் அவளாகவே இருக்க வேண்டும். வாகன நிறுத்தத்துக்குப் பின்னால் புதிய கடைகள் கட்டித் தருவார்கள், மின்சாரமும் தண்ணீரும் இருக்கும் என்று தயாரித்திருந்த வாதங்களை அடுக்கினேன்.

"அங்கன எவன் வருவான்? குளிச்சு நடுங்கிட்டு வாரவன் கண்ணுல பஜ்ஜிச் சட்டி படணும். கார்ல ஏறி ஹீட்டரப் போட்டுட்டாம்னா அவனுக்கு எதுக்கு பஜ்ஜி?"

"உங்க பிள்ளைங்களோட எதிர்காலத்தை நெனச்சுப் பாருங்க."

"நெனைக்கப் போயித்தான் இங்கன ஒக்காந்துருக்கேன்."

வென்ற உற்சாகத்தில் அவள் கையைத் தட்டினாள்.

"ஏட்டி, வெவரம் கெட்டவளே, சாரல்ல வந்து கேட்டா எவ கையெழுத்துப் போடுவா? பங்குனில வந்து கேளு. அருவி காஞ்சு கெடக்கும், அடுப்பும் அணைஞ்சு கெடக்கும். அப்ப பேப்பர நீட்டுனா நானே போட்டுருவேன்லா!"

சிரிப்பு அந்த இடத்தில் நின்றுபோனது. அவள் எழுந்து, தார்ப்பாயில் தேங்கிய நீரைக் கம்பால் தள்ளிவிட்டாள். பின்பு முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "அதச் சொன்னீன்னா வேலை ஒனக்குத்தான்."

நேர்காணலன்று அவளே என் சேலை மடிப்பைச் சரிசெய்து ஊக்குக் குத்திவிட்டாள். "கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு வா" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

கேட்கத்தான் செய்தார்கள். நடுவில் அமர்ந்திருந்தவர் மிகவும் கண்ணியமாகப் பேசினார். "ஒருத்தர்கூடச் சம்மதிக்கலைன்னா என்ன செய்வீங்கம்மா?"

பதில் என் நாக்கில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, அருவிப் பாதையிலேயே மாற்று இடம் தரும்படி நிறுவனத்திடம் கேட்பேன் என்றேன்.

"நீங்க எங்களுக்காக அவங்ககிட்டப் பேசணும். அவங்களுக்காக எங்ககிட்ட இல்ல" என்றார் அவர், வருத்தம்போல.

வீட்டுக்கு வந்து நடந்ததை மதினியிடம் சொன்னேன். வேலை வேறொருவருக்குப் போனது. பங்குனியில் அவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். மதினியை அக்கா என்று அழைத்தார், குரலை உயர்த்தவேயில்லை. அருவிப் பாறையில் ஈரம் மட்டும் கசிந்துகொண்டிருந்தது. பல நாள்களாகக் கடை திறக்கவில்லை. பங்குனியில் கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வரிசையில் எல்லாரும் கையெழுத்திட்டார்கள். மதினியும் இட்டாள்.

திரும்பும்போது பேருந்தில் சொன்னாள்: "அன்னைக்கே நீ சொல்லியிருக்கலாம்லா. கடை எப்படியும் போயிருக்கும். வேலையாவது நம்ம வீட்டுல இருந்திருக்கும்."

வாய்மூடி இருந்ததால் நான் காப்பாற்றியது எதை என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

விடுதி இப்போது திறக்கும் நிலையில் இருக்கிறது. அறைகளைச் சுத்தம் செய்யப் பெண்களை எடுக்கிறார்கள். அதற்கும் நேர்காணல் உண்டாம். மதினி போகிறாள். நேற்று அடுப்படியில் அவளை உட்காரவைத்துக் கேள்விகள் கேட்டேன்.

"உங்க பலவீனம் என்ன?"

உப்பைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"அதிகமாப் பேசிருவேன். அதச் சொல்லட்டா, சொல்லாண்டாமா?"